கடைசியில் ஒரு கடவாப்பல்

ஹலோ… ஹலோ! என்னங்க, பாலத்தடி என்னைக் கொல்லுதுங்க! … ஹலோ? … என்ன ‘ஆ’? … நான் என்ன சொல்றேன், நீங்க என்ன ‘ஆ’ங்கறீங்க? … திரும்பவும் ‘ஆ’! வாயை மூடிட்டுப் பேசுங்களேன்! …

யாரு? … நீங்க யாருங்க? … டாக்டரா? ஐயோ, அவருக்கு என்ன ஆச்சு? … பல்லா? … அட, இன்னைக்குத்தான் பல் டாக்டர்கிட்ட போறேன்னு காலையில சொன்னாரு. இருந்த பதட்டத்துல மறந்தே போச்சு. … ஆமா, ஆமா, நான் அவர் வீட்டுக்காரிதான். … மரத்துப்போற ஊசி போட்டாச்சா? … வாய்க்குள்ள பஞ்சு வேறயா? … அப்ப பேசவே முடியாதா? … டாக்டரம்மா, டாக்டரம்மா, வெச்சிடாதீங்க! உங்களுக்குக் கோடி புண்ணியம். அவர் வாய் உங்ககிட்டயே இருக்கட்டும். காதை மட்டும் எனக்குக் கொடுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டு அவர் நெஞ்சு மேல வெச்சிடுங்க, போதும். … ஆமாங்க, உயிர் போற விஷயம்தான். … இல்ல இல்ல, அவர் உயிர் இல்ல. என் உயிர்.

என்னங்க, கேக்குதா? நாக்கை அசைக்க வேணாம். தொண்டையில இருந்து ஒரு ‘ம்’ போட முடியுமா? … ஆங், அது போதும். ஒரு ‘ம்’னா ஆமா. ரெண்டு ‘ம்’னா இல்ல. புரிஞ்சுதா? … ஒண்ணு. நல்லது. கல்யாணம் ஆனதுல இருந்து நான் பேசப் பேச நீங்க எதுத்துப் பேசாம கேக்கறது இதான் மொத… … என்ன, ரெண்டா? அதுக்குள்ள எதுத்தாச்சா? சரி சரி, விஷயத்துக்கு வர்றேன்.

மீட்டிங் ரூம்ல இருக்கேன். தனியா. பெரிய மேடம் இன்னும் மேல வரல. ஆனா கார் வந்தாச்சு. ஜன்னல் வழியா பாத்தேன், கன்னத்துல கையை வெச்சுக்கிட்டு இறங்கினாங்க. ஒரு வாரமா அப்படித்தான். யார்கிட்டயும் பேச்சில்ல, சிரிப்பில்ல. பாத்தாலே ஆபீஸே நடுங்குது. …

என்ன டாக்டரம்மா? … என்ன மீட்டிங்கா? சொல்றேன், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். இப்போதைக்கு நீங்கதான அவர் வாய்! எங்களோடது மெத்தைக் கம்பெனி. … ஆமா, படுக்கிற மெத்தைதான். மொத்தம் முப்பத்தோரு கடை. மாசா மாசம் ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஸ்லைடு போட்டு பெரிய மேடத்துக்குக் காட்டணும். இந்தக் கடையில எத்தனை மெத்தை போச்சு, எத்தனை தலையணை போச்சு, எத்தனை திரும்பி வந்துச்சு, எல்லாம். இதுக்கு நாலு பேர் ஒரு வாரம் உக்காந்து ஷீட்டுல இருந்து நம்பரை எடுத்து எடுத்து ஸ்லைடுல ஒட்டுவோம். ஒட்டி முடிக்கிறதுக்குள்ள நம்பர் மாறிடும். திரும்ப ஒட்டணும். மெத்தை விக்கிற கம்பெனியில தூக்கமே இல்லாத நாலு பேர் நாங்கதான். …

சிரிக்காதீங்க டாக்டரம்மா, கையில மிஷின் வெச்சிருக்கீங்க.

நான்தான் போன மாசம் வாயை விட்டேன். ‘மாதிரிக்கு ஒரே ஒரு அச்சு ஸ்லைடு செஞ்சா போதும் மேடம். ஷீட்டுல நம்பரைப் போட்டு ஒரு பட்டனை அமுக்கினா, முப்பத்தோரு ஸ்லைடும் தானா வரிசையா வந்து நிக்கும்’னு. உடனே மேடத்தோட மாப்பிள்ளை, எங்க மாப்பிள்ளை சார், ‘பட்டனை அமுக்கினா லிஃப்ட் வரும், ஸ்லைடு எப்படிம்மா வரும்’னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவருக்கு இந்த வேலையை வெளியில யாரோ தெரிஞ்சவங்க கம்பெனிக்குக் கொடுக்கணும். கொடுத்துட்டா எங்க நாலு பேருக்கும் இங்க வேலை இல்ல. என்னை வெளியூர் கிடங்குக்கு அனுப்பிடுவாங்க. பஸ்ஸுல போக மட்டும் அரை நாள். இவரும் பாப்பாவும் இங்க, நான் அங்க. வாரத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வீட்டுக்கு வரணும். இன்னைக்கு இது சரியா ஓடிடுச்சுன்னா இங்கயே எனக்குத் தனி செக்‌ஷன். ஓடலேன்னா கிடங்கு. இப்பப் புரியுதா என் உயிர் எங்க இருக்குன்னு? …

ஆமா, இவர்தான் ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து செஞ்சு கொடுத்தாரு. சாப்பிடக் கூட எழுந்திரிக்கல. அதுல அவரை ஒண்ணும் சொல்ல முடியாது.

என்னங்க, இப்ப கேளுங்க. பட்டனை அமுக்கினேன். ஓடுச்சு. முப்பத்தோரு ஸ்லைடும் வந்துச்சு. கலர், படம், பார் சார்ட்டு, எல்லாம் கல்யாணப் பொண்ணு மாதிரி ஜொலிக்குது. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அப்புறம்தான் படிச்சேன்.

பாலத்தடி கடை ஸ்லைடுல மேல என்ன போட்டிருக்கணும்? ‘கடைசி மாத விற்பனை’. என்ன போட்டிருக்கு தெரியுமா? ‘பாலத்தடிசி மாத விற்பனை’! … ஆமா, பாலத்தடிசி! ஏதோ மாத்திரை பேரு மாதிரி! ஸ்டேஷன் ரோடு கடையைப் போய்ப் பாத்தா ‘ஸ்டேஷன் ரோடுசி மாத விற்பனை’. ஏரிக்கரை கடையில ‘ஏரிக்கரைசி’. …

இருங்க, இன்னும் இருக்கு. குழந்தைங்க மெத்தைக்கு நம்ம வெச்ச பேரு என்ன? ‘கடைக்குட்டி’. இங்க ‘பாலத்தடிக்குட்டி’ன்னு நிக்குது! பாலத்தடியில குட்டி போட்ட மாதிரி! அப்புறம், தூசி ஒட்டாத மெத்தை ஒண்ணு இருக்கே, ‘மூக்கடைப்பு இனி இல்லை’ன்னு போட்டிருப்போமே… … ஆமா, அதேதான்! ‘மூக்பாலத்தடிப்பு இனி இல்லை’!

டாக்டரம்மா, மிஷினை ஆஃப் பண்ணிட்டு சிரிங்க. நான் வெயிட் பண்றேன்.

… நல்லவேளைங்க, சாக்கடைன்னு எங்கயும் எழுதல. எழுதியிருந்தா இன்னைக்கு ஒரு கடை மானம் போயிருக்கும்.

இப்ப யோசிச்சுச் சொல்லுங்க. சொல்ல வேணாம், ‘ம்’ போடுங்க. நம்பர் தப்பா போச்சா? … ரெண்டு. இல்ல. ஷீட்டு தப்பா? … ரெண்டு. அச்சு ஸ்லைடு தப்பா? … என்ன ஒண்ணரை? … அது என்ன ஒண்ணரை ‘ம்’! பாதி ஆமாவா? … ஒண்ணு. சரி, இருங்க, நானே யோசிக்கறேன். நீங்க அன்னைக்கு சொன்னதை ஞாபகப்படுத்திப் பாக்கறேன். ஷீட்டுல மொத வரிசையில தலைப்பு இருக்கும். அந்தத் தலைப்புல என்ன வார்த்தை இருக்கோ, அதே வார்த்தை அச்சு ஸ்லைடுல எங்கெல்லாம் இருக்குன்னு அது தேடும். தேடி, அந்த எடத்துல அந்தந்தக் கடை பேரைப் போட்டுடும். சரியா? … ஒண்ணு. ஆங். அது பாவம், அதுக்குத் தமிழ் தெரியாது. ‘கடை’ன்னு பாத்தா போதும், முன்ன பின்ன என்ன ஒட்டிக்கிட்டு இருக்குன்னு பாக்காது. கடைசியில இருக்கிற கடையும் அதுக்குக் கடைதான். மூக்கடைப்புல இருக்கிற கடையும் அதுக்குக் கடைதான். அதானே? … ஒண்ணு! கண்டுபிடிச்சுட்டேன்! மத்த தலைப்பெல்லாம் நீளம், தப்பிச்சுருச்சு. இது மட்டும்தான் குட்டி வார்த்தை, மாட்டிக்கிச்சு.

ஆனா நீங்க கொடுக்கும்போது அந்த எடத்துல ‘கடை’ன்னு இல்லையே… … ம்ம்ம்ம்ம்னா என்ன கணக்கு? … டாக்டரம்மா, அவர் ஏன் மாடு மாதிரி கத்தறாரு? … கையை வேற ஆட்றாரா?

சரி… சரிங்க… கோவப்படாதீங்க. நான்தான் மாத்தினேன். நீங்க ஏதோ கார் நம்பர் மாதிரி ஒண்ணு வெச்சிருந்தீங்க. எழுத்தும் நம்பருமா. பாக்கவே நல்லா இல்ல. மேடம் பாத்தா என்ன நெனைப்பாங்கன்னு, நேத்து ராத்திரி ஷீட்டுலயும் அச்சு ஸ்லைடுலயும் அழகா ‘கடை’ன்னு மாத்திட்டேன். … வாய்க்குள்ள இவ்ளோ சாமான் இருக்கும்போதே இப்படித் திட்டறீங்களே, வாய் ஃப்ரீயா இருந்தா என் கதி என்ன!

இப்ப பழைய வார்த்தையைத் திரும்பப் போட்டா சரியாயிடுமா? … ஒண்ணு. அது என்ன வார்த்தை? … ‘ம்’ போட்டா எனக்கு எப்படித் தெரியும்! எனக்கு சுத்தமா ஞாபகம் இல்ல. க-வில ஆரம்பிக்குமா? … ஒண்ணு. க, அப்புறம்? … ஐயோ, இது நடக்கற காரியமா! லிஃப்ட் சத்தம் வேற கேக்குது.

டாக்டரம்மா! ஒரு பேப்பரும் பேனாவும் அவர் கையில கொடுங்களேன். … மருந்துச் சீட்டு போதும், போதும். … கையில எதுவும் ஊசி போடல இல்ல? … சரி, எழுதட்டும். … எழுதறாரா? … எழுதிட்டாரா? படிங்க, படிங்க! …

என்னது? … கடவாப்பல்லா?

கடவாப்பல். … பெரிய எழுத்துலயா? அடிக்கோடு வேற போட்டிருக்காரா? … வேற என்ன எழுதியிருக்காரு? … ‘இடது பக்கம்’. … ஆமா, ஆமா, கடை பேரு இடது பக்கம் மொத பத்தியிலதான் இருக்கு. சரியாத்தான் சொல்றாரு. … ‘கீழ் வரிசை’யா? … அதான், தலைப்புக்குக் கீழ இருக்கிற வரிசை எல்லாம் அப்படியே இருக்கட்டும்ங்கறாரு. எவ்ளோ தெளிவா எழுதியிருக்காரு பாருங்க!

ஆனா இது அந்தப் பழைய கார் நம்பர் இல்லையே… … ஓ! புதுசா யோசிச்சிருக்கீங்க! என்னங்க, உங்க மூளையே மூளை! மெத்தைக் கம்பெனி ஸ்லைடுல கடவாப்பல்னு எவன் எழுதப்போறான்? வேற எந்த வார்த்தையோடயும் ஒட்டாது, எதுக்குள்ளயும் ஒளிஞ்சிருக்காது. ஊசி போட்ட வாயை வெச்சுக்கிட்டு எப்படிங்க யோசிக்கறீங்க! இருங்க, அடிக்கறேன்.

ஷீட்டு. மொத தலைப்பு. கடையைத் தூக்கியாச்சு. க… ட… வா… ப்… ப… ல்… கடவாப்பல். ம். அச்சு ஸ்லைடு. இங்க மேல கொட்டை எழுத்துல கடை பேரு வர்ற எடம், கடவாப்பல். ‘இந்தக் கடையில் விற்றவை’, ‘இந்தக் கடவாப்பல்லில்’… இல்ல இல்ல, ‘இல்’லைத் தனியா வெச்சுக்கணும்… ‘விற்ற இடம்: கடவாப்பல்’. ஆச்சு. கடைசி, கடைக்குட்டி, மூக்கடைப்பு எல்லாத்தையும் தொடாம விட்டாச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு. கடைசியில ஒரு நன்றி ஸ்லைடு, ‘அன்புடன், உங்கள் கடை’ன்னு. அதையும் மாத்திட்டேன். …

என்ன? ரெண்டு ‘ம்’மா? … டாக்டரம்மா, அது அவரா, உங்க மிஷினா? சரியாக் கேக்கல… … என்னங்க, ‘ம்ம்’ங்கறீங்களா? ‘ர்ர்’ங்குதா? … சரி, மிஷின்தான். நீங்க வேலையைப் பாருங்க டாக்டரம்மா, அவர் வேலை முடிஞ்சுது.

பட்டன் அமுக்கறேன். … வட்டம் சுத்துது. … சுத்துது. … வந்துருச்சு! ‘கடைசி மாத விற்பனை’! ‘கடைக்குட்டி’! மூக்கடைப்பு மூக்கடைப்பாவே இருக்கு! மேல, ‘பாலத்தடி’! என்னங்க, நீங்க மட்டும் இங்க இருந்தா…

வந்துட்டாங்க. போனை வெக்காதீங்க. மேசைக்குக் கீழ வெச்சுக்கறேன். மூச்சு விடாதீங்க. மூச்சு விடுங்க, சத்தம் போடாதீங்க.

(நாற்காலிகள் இழுபடும் சத்தம். குரல் ஒரே நொடியில் இஸ்திரி போட்டதுபோல் ஆகிறது.)

வணக்கம் மேடம். வாங்க மாப்பிள்ளை சார். … இந்த நாற்காலி மேடம், இதுல குஷன் நல்லா இருக்கும். நம்ம கம்பெனியோடதுதான். … ஆரம்பிச்சிடலாம் மேடம்.

இது ஷீட்டு. முப்பத்தோரு கடை, முப்பத்தோரு வரிசை. … என்ன சார்? … மொத தலைப்பா? அது… அது ஒரு ரகசியக் குறிச்சொல் சார். வேற எங்கயும் வராத வார்த்தையா இருக்கணும்னு வெச்சது. … பல்லுதான் சார். … அதுக்கும் மெத்தைக்கும் எந்த சம்பந்தமும் இல்ல சார். அதான் அதோட சிறப்பே.

மேடம், இது அச்சு ஸ்லைடு. இது ஒண்ணை மட்டும்தான் நம்ம கையால செய்யணும். மீதியெல்லாம் அதுவே செஞ்சுக்கும். இதோ பாருங்க, பாலத்தடி. இது மார்க்கெட் முக்கு. இது ஏரிக்கரை. எல்லாத்துலயும் எழுத்து ஒரே அளவு, படம் ஒரே எடம். முன்னெல்லாம் ஒரு கடைக்குப் பெரிய எழுத்து வந்துட்டா அந்தக் கடை மேனேஜர் ஒரு மாசம் காலரைத் தூக்கிவிட்டுக்குவாரு. இனிமே அந்தப் பிரச்னை இல்ல. …

சொல்லுங்க சார். … ஏற்கனவே செஞ்சு வெச்சுட்டுக் காட்டறேன்னா? … இல்ல சார், தானா வந்ததுதான். … நம்பலேன்னா… என்ன மேடம்? … மேடம், ஏதோ எழுதறீங்களா? … சரி. … பாலத்தடியில மெத்தை நாப்பத்தி ரெண்டு இல்ல, அம்பத்தி ரெண்டா? போன மாசக் கணக்குல நேத்து சாயங்காலம் பத்து சேந்துச்சா? … இப்பவே மாத்தவா? உங்க முன்னாடியேவா? … கண்டிப்பா மேடம். இதுக்குத்தானே இவ்ளோவும்.

(தொண்டையைக் கனைக்கும் சத்தம்.)

நாப்பத்தி ரெண்டை எடுத்துட்டு… அம்பத்தி ரெண்டு. வேற எங்கயும் கை வெக்கல, எல்லாரும் பாத்துக்கங்க. பட்டன். அமுக்கியாச்சு. … ஆமா சார், லிஃப்ட் மாதிரிதான். … வட்டம் சுத்துது மேடம். சுத்தும். … முப்பத்தோரு கடைக்கும் போயிட்டு வரணும் இல்லையா, பாவம், ஒத்தையா போகுது. … தண்ணி குடிங்க மேடம். … ஜில்லுன்னு வேணாமா? வெந்நியா? … யாராவது மேடத்துக்கு வெந்நி கொண்டு வாங்கப்பா. … என்ன சார்? … நிக்கல சார், சுத்துது. … சுத்துறது நிக்கற மாதிரிதான் சில நேரம் தெரியும்.

… ஐயா சாமி, வா…

வந்துருச்சு! மேடம், பாருங்க! அம்பத்தி ரெண்டு! அந்த பார் பாருங்க, தானா வளந்திருக்கு! பாலத்தடி ஏழாவது எடத்துல இருந்து நாலாவது எடத்துக்கு வந்துருச்சு! நான் தொடவே இல்ல மேடம்! முன்ன மாதிரி இருந்தா இந்த ஒரு நம்பருக்கு நாங்க நாலு பேரும் நாளைக்கு மத்தியானம் வரைக்கும் உக்காந்திருப்போம்! … சார், நீங்களே ஒரு நம்பர் மாத்திப் பாருங்களேன். … வேணாமா? … சரி சார்.

தள்ளிக்கிட்டே வர்றேன் மேடம். இருபத்தெட்டு… இருபத்தொம்போது… முப்பது… முப்பத்தொண்ணு, ரெட்டைத்தெரு. ஒரு தப்பு இல்ல. அவ்ளோதான் மேடம். கடைசியா நன்றி ஸ்லை…

…

என்ன மேடம்? … எங்க? … ஐயோ.

… ஆமா மேடம், அப்படித்தான் போட்டிருக்கு. … சத்தமாப் படிக்கணுமா? … ‘நன்றி. அன்புடன், உங்கள் கடவாப்பல்.’

… சார், சிரிக்காதீங்க சார். … அது என்னன்னா மேடம், இந்த ஸ்லைடு எந்தக் கடைக்கும் சேராதது, பொதுவானது. ஷீட்டுல இதுக்குன்னு வரிசையே இல்ல. அதனால அந்தக் குறிச்சொல் மாறாம அப்படியே நின்னுருச்சு. அதை நான் தொட்டிருக்கவே கூடாது. அவர் ‘ம்ம்’னுதான் சொல்லியிருக்காரு, நான்தான் மிஷின்னு நெனைச்சு… … அது ஒண்ணும் இல்ல மேடம். தப்பு என்னோடதுதான்.

… எனக்கு யார் சொன்னதா? எதை மேடம்? … உங்களுக்கா? … கடவாப்பல்லா? … ஒரு வாரமாவா! … அதனாலதான் கன்னத்துல கையா! அதனாலதான் வெந்நியா! … நாங்க எல்லாரும் எங்க மேல கோவம்னு… … மாப்பிள்ளை சார், மேடத்துக்கு உங்க மேல கோவம் இல்லையாம் சார்! பல்லு வலியாம்! … ஆமா சார், நீங்க மூச்சு விடலாம்.

… மேடம் சிரிக்கிறீங்களா, அழறீங்களா? … ரெண்டுமா? … சிரிச்சா வலிக்குதா? … சிரிக்காதீங்க மேடம், கன்னத்தை அழுத்திப் பிடிங்க. …

இல்ல மேடம், எனக்கு எதுவும் தெரியாது. உங்க முகத்தைப் பாத்து நான் கண்டுபிடிச்சேன்னு சொன்னா அது பொய். உண்மையைச் சொல்லிடறேன். இதைச் செஞ்சு கொடுத்தது என் வீட்டுக்காரர். இப்ப அவர் பல் டாக்டர் நாற்காலியில படுத்திருக்காரு. அந்த வார்த்தை அவர் அங்க இருந்து எழுதிக் கொடுத்தது. … இப்பவா? … லைன்ல இருக்காரு மேடம். இதோ, மேசைக்குக் கீழ. … என்னங்க, மேடத்துக்கு ஒரு வணக்கம் சொல்லுங்க. … கேட்டுச்சா மேடம்? அந்த ‘ம்’தான் வணக்கம்.

… டாக்டர் எப்படின்னா? … ரொம்ப நல்ல டாக்டர் மேடம். நான் இவ்ளோ நேரம் தொந்தரவு பண்ணியும் போனை வெக்கல. சிரிச்சா மிஷினை நிறுத்திட்டு சிரிக்கறாங்க, அதை விட என்ன வேணும்? … டாக்டரம்மா, இன்னைக்கே ஒரு ஆளைப் பாக்க முடியுமா? … கடவாப்பல். … இல்ல, இது வேற கடவாப்பல். … மேடம், எந்தப் பக்கம்? … வலது பக்கம் டாக்டரம்மா. … மேடம், சாயங்காலம் வரச் சொல்றாங்க. …

சொல்லுங்க மேடம். … ம். … ம். … சரிங்க மேடம். … நாலு பேருமா? மத்த மூணு பேரும் என்கூடவேயா? … கிடங்குக்கு? … யாரும் போக வேணாமா? … தேங்க்ஸ் மேடம். … என்ன சார்? … நிச்சயமா சார், உங்களுக்கும் கத்துத் தர்றேன். லிஃப்ட் பட்டன் அமுக்கத் தெரிஞ்சா போதும் சார். … மேடம், அந்தக் கடைசி ஸ்லைடை மட்டும் இப்பவே திருத்திடறேன். … மாத்தக் கூடாதா? … பல்லு சரியாகற வரைக்குமா? … சரிங்க மேடம். அப்படியே இருக்கட்டும்.

(கதவு சாத்தும் சத்தம். ஓட்டமும் நடையுமாகச் செருப்புச் சத்தம். குரல் மறுபடி வீட்டுக்குரல் ஆகிறது.)

என்னங்க! கேட்டீங்களா! வெராண்டாவுக்கு வந்துட்டேன். கிடங்கு இல்ல! இங்கயேதான்! தனி செக்‌ஷன்! பாப்பாகிட்ட நான் சொல்றேன், நீங்க சொல்லிடாதீங்க! … ஒரு ‘ம்’ போடுங்களேன், சந்தோஷமா ஒண்ணு. … என்ன? … பேசறீங்களா? பஞ்சு எடுத்தாச்சா? … பல்லு போச்சா? சரியான பல்லுதானே? … நல்லவேளை.

… என்னது? வாய் கோணிக்கிட்டுப் பேசறீங்க, ஒண்ணும் புரியல. மெதுவா. … ‘கடவா’… ம், கடவாப்பல், அதுதான் நம்மளைக் காப்பாத்துச்சு. … ‘உனக்கு’… ‘இல்ல’… … என்ன இல்ல? … எனக்கு எழுதினது இல்லையா?

… டாக்டருக்கு எழுதினதா!

எந்தப் பல்லுன்னு அவங்க கடைசியா ஒரு தடவை கேட்டதுக்கா? … ‘இடது பக்கம், கீழ் வரிசை’… … அட ராமா! அப்ப எனக்கு எழுதினது எங்க? … பேப்பரோட பின்பக்கமா? … டாக்டரம்மா திருப்பியே பாக்கலையா? … அந்தப் பழைய கார் நம்பர் அங்க இருக்கா?

… அப்ப நான் உங்க பல்லை வெச்சுதான் முப்பத்தோரு கடையையும் ஓட்டினேனா!

… சிரிக்காதீங்க, தையல் ஏதாவது போட்டிருந்தா பிரிஞ்சுடும். … இங்க பாருங்க, இது நமக்குள்ளயே இருக்கட்டும். மேடம், ‘உன் வீட்டுக்காரர் ரொம்ப அறிவாளி’ன்னு சொல்லியிருக்காங்க. அதைக் கெடுத்துக்காதீங்க. … டாக்டரம்மாகிட்டயும் சொல்லி வைங்க, சாயங்காலம் மேடம் வரும்போது எதையும் உளறிட வேணாம்னு. … ஏன்? … அவங்க சிரிச்சுக்கிட்டே மேடம் பல்லுல கை வெச்சா என் செக்‌ஷன் என்ன ஆகும்?

… இன்னும் என்ன? … என் மேல கோவமா? தலைப்பை மாத்தினதுக்கா? … சரி. … சரிங்க. … ஆமா, என் தப்புதான். … இனிமே உங்க கார் நம்பர்ல கை வெக்க மாட்டேன். … ம். … ம். … ஏங்க, மரத்த வாயை வெச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் பேசுவீங்க? அந்த ஊசி இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யாதா?

… உள்ள கூப்பிடறாங்க. வெச்சிடறேன். வீட்டுக்குப் போய் ஒண்ணும் சாப்பிடாதீங்க, ஒண்ணும் பேசாதீங்க. ராத்திரி நான் வந்ததும் பேசிக்கலாம்.

நான் பேசறேன். நீங்க ‘ம்’ போடுங்க. … ஒரு ‘ம்’.

… ரெண்டு போட்டீங்க, கேட்டுச்சு. இந்தத் தடவை மிஷின் இல்ல.